புதிய ஆயுதங்களைச் சோதிக்க வெளியிலிருந்து ஆள் வேண்டும்: தற்காப்பு அமைச்சருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தற்காப்பு அமைச்சர் அவர்களுக்கும், எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் ஆயுதப் படைக்குள் வரும் ஒவ்வொரு புதிய தொழில்நுட்பத்தையும் ஒரு தனி அமைப்பு சோதிக்க வேண்டும். அதை உருவாக்கியவர்களும் வாங்கியவர்களும் அந்த அமைப்பில் இருக்கக் கூடாது. அது தன் முடிவை இடையில் யாரும் திருத்தாமல் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றைத்தான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் துவாஸில் மருத்துவக் கருவித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். என் மூத்த மகன் கவச வாகனப் பிரிவில் முழுநேரத் தேசிய சேவையை முடித்துவிட்டு, இப்போது போர்க்காலப் படைவீரனாக அழைப்பு வரும்போதெல்லாம் முகாமுக்குப் போய் வருகிறான். இளையவன் விரைவில் ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்குக்குப் படகேறுவான். எனக்கு ராணுவம் தெரியாது. ஆனால் ஒரு பொருளைச் செய்கிறவரும் அது நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே மேலாளருக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். மாதக் கடைசியில் சரக்கு கப்பலேற வேண்டிய நாளில், "இது போகக் கூடாது" என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அப்படி இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். அதனால்தான் எங்கள் துறையில் தரப் பிரிவு உற்பத்தித் தலைவருக்குக் கட்டுப்பட்டதாக இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே வெளியிலிருந்து தணிக்கையாளர் வருவார், அதற்கும் மேலே சுகாதார அறிவியல் ஆணையம் இருக்கிறது.

2025 நிதியாண்டில் தற்காப்புக்கு 23.4 பில்லியன் வெள்ளி ஒதுக்கினோம். அது நம் பொருளியலில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு. இவ்வளவு சின்ன நாட்டுக்கு அது தேவைதான் என்று நம்புகிறவள் நான். செலவைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் பணத்தில் வாங்கும் பொருள், வேண்டிய நேரத்தில் வேலை செய்யுமா என்பதுதான் என் கேள்வி. இன்னொன்றும் இருக்கிறது. விரும்பிச் சேரும் படையில் ஒரு கருவி பிடிக்கவில்லை என்றால் வீரர் விலகிப் போகலாம். இங்கே 1967 முதல் சட்டம் நம் பிள்ளைகளை அழைக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் கையில் கொடுத்ததைத்தான் பயன்படுத்த வேண்டும், ஏற்றிவிட்ட வண்டியில்தான் போக வேண்டும். அவனுக்கு வேறு வழி இல்லாததால் அவன் சார்பில் கேள்வி கேட்கும் பொறுப்பு நமக்குக் கூடுதலாக இருக்கிறது.

நம் ஊரின் ஏற்பாடு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாங்குவதையும் திட்டங்களை நிர்வகிப்பதையும் 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பான டிஎஸ்டிஏ பார்க்கிறது. ஆராய்ச்சியை டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடம் செய்கிறது. பெருமளவு உற்பத்தி எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனத்திடம். படையினர் இவர்கள் எல்லாரோடும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து உட்கார்ந்து வடிவமைக்கிறார்கள். 2019-இல் படையில் சேர்க்கப்பட்ட ஹண்டர் கவச வாகனம் அப்படித்தான் உருவானது. இந்த நெருக்கத்தால் நிறைய நன்மை உண்டு, அதை மறுக்க மாட்டேன். பெரிய நாடுகளில் துறைகளுக்குள் கடிதம் போய் வரவே ஆண்டுகள் ஆகும். இங்கே ஒரு கூட்டத்தில் முடிந்துவிடும். ஆனால் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, பத்து ஆண்டு உழைப்பைப் பார்த்து "இது தேறவில்லை" என்று சொல்ல எழுந்து நிற்பவர் யார்? அந்த வேலைக்கென்றே ஒருவர் இருக்கிறார் என்று பொதுமக்களுக்குத் தெரியும்படி இன்றுவரை எதுவும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய மார்க் 14 டார்பிடோவின், அதாவது நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதத்தின், கதையை எங்கள் துறையில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குச் சொல்வேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. நியூபோர்ட் என்ற ஊரில் இருந்த கடற்படையின் டார்பிடோ நிலையமே அதை வடிவமைத்தது, தயாரித்தது, சோதித்தது. அதில் ஒரு ரகசியமான காந்த வெடிப்பான் இருந்தது. எதிரிக் கப்பலின் அடியில் போகும்போதே வெடிக்கும் என்பது எண்ணம். ஒரு டார்பிடோ பத்தாயிரம் டாலர் விலை. அதனால் வீணாக்க மனம் வரவில்லை. போருக்கு முன்பு அந்தக் காந்த வெடிப்பானை உண்மையான வெடிமருந்தோடு உண்மையான இலக்கில் சோதித்தது 1926-இல் மட்டும், அதுவும் இரண்டே முறை. அந்த இரண்டில் ஒன்று வெடிக்கவில்லை. அப்படியே போருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பசிபிக் கடலில் நீர்மூழ்கிகள் குறிபார்த்துச் சுட்டன, கப்பல்கள் மூழ்கவில்லை. கப்பல் தலைவர்கள் புகார் எழுதினால், "நீங்கள் சரியாகச் சுடவில்லை" என்று தலைமையிடத்திலிருந்து பதில் வந்தது. 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்த அட்மிரல் சார்லஸ் லாக்வுட் பொறுமை இழந்து, ஒரு மீனவரிடம் வலை வாங்கி அதைக் கடலில் கட்டித் தொங்கவிட்டு டார்பிடோக்களை அதன் வழியே செலுத்திப் பார்த்தார். 10 அடி ஆழத்துக்கு அமைத்தது 25 அடி ஆழத்தில் வலையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. தயாரித்தவர்கள் முதலில் அந்தச் சோதனை முறையையே ஏற்கவில்லை, பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

ஆழத்தைச் சரிசெய்ததும் காந்த வெடிப்பானின் கோளாறு வெளியே வந்தது. சில டார்பிடோக்கள் இலக்கை அடைவதற்கு முன்பே வெடித்தன. அதை நிறுத்திவைத்தபோது மூன்றாவது கோளாறு தெரிந்தது. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, அசையாமல் நின்றுபோன ஒரு பெரிய ஜப்பானியக் கப்பலை நோக்கி நிதானமாக ஒவ்வொன்றாகச் சுட்டது. வரிசையாகப் போய் மோதின, எதுவும் வெடிக்கவில்லை. அதன் தலைவர் மிச்சமிருந்த கடைசி டார்பிடோவைச் சுடாமல் சோதனைக்காகத் திருப்பிக் கொண்டுவந்தார். ஹவாயில் ஒரு தீவின் பாறைச் சுவரில் சுட்டும், பாரந்தூக்கியின் உச்சியிலிருந்து கீழே போட்டும் பார்த்தபோது காரணம் புரிந்தது. நேராக, மிகச் சரியாக மோதினால்தான் வெடிப்பூசி நசுங்கிப் பழுதாகியது. திறமையாகச் சுட்டவருக்குத்தான் தோல்வி. ஒரு குறைக்குப் பின்னால் இன்னொரு குறை மறைந்திருக்க, எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சரிசெய்யப் போர் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. சோதித்துக் கண்டுபிடித்தவர்கள் பயன்படுத்தியவர்கள், தயாரித்தவர்கள் அல்ல.

இது பழைய கதை, இயந்திரக் காலத்துக் கதை என்று நினைக்கலாம். மென்பொருள் காலத்துக்கு வருவோம். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் ஈராக் ஏவிய ஒரு ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நூறு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரக் கணக்கில் இருந்த மிகச் சின்னப் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூன்றில் ஒரு விநாடி அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த மூன்றில் ஒரு விநாடியில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும்; ரேடார் தவறான இடத்தில் தேடியது. இத்தனை நேரம் தொடர்ந்து ஓட்டுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே இஸ்ரேலியர்கள் பிழையைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று, அதாவது அடுத்த நாள்.

அந்தக் கருவி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி வேலை செய்தது. ஒப்பந்தத்தில் எழுதாத விதத்தில் வீரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். எழுதியபடி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. களத்தில், களைத்துப்போன மனிதர்கள் கையில், எதிரி இடையூறு செய்யும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது முற்றிலும் வேறு சோதனை. முதலாவதைக் கருவியை உருவாக்கியவரே நன்றாகச் செய்ய முடியும். இரண்டாவதை அவரிடமே விடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

பிரிட்டனில் அஜாக்ஸ் என்ற கவச வாகனத்துக்கு நடந்ததை என்னால் ஒரு தாயாக மட்டுமே படிக்க முடிந்தது. 589 வாகனங்களுக்கு 5.5 பில்லியன் பவுண்ட் ஒப்பந்தம். ஓட்டிப் பார்த்த வீரர்களுக்கு இரைச்சலாலும் அதிர்வாலும் காது பாதிக்கப்பட்டு, சோதனை ஓட்டங்களையே நிறுத்த வேண்டி வந்தது. 2021 டிசம்பரில் வெளியான பாதுகாப்பு ஆய்வறிக்கை, எச்சரிக்கைகள் முன்பே எழுப்பப்பட்டும் மேலே போய்ச் சேரவில்லை என்றது. படைவீரர்கள் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்ற சொல்லாத எண்ணம் ராணுவத்துக்குள் இருந்ததாகவும் சொன்னது. நம் பிள்ளைகளும் தாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து சொல்லவும் மாட்டார்கள். மூத்தவன் அப்படித்தான் இருந்தான்.

நம் வீட்டிலும் நடந்திருக்கிறது. 1997 மார்ச்சில் நியூசிலாந்தின் வையூருவில் 155 மில்லிமீட்டர் பீரங்கியில் குண்டு முன்கூட்டியே வெடித்து நம் தேசிய சேவையாளர் இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். விசாரணைக் குழு கண்டுபிடித்தது, ஃபியூஸ் என்று சொல்லப்படும் வெடிப்பூட்டியில் குறை. உள்ளூர் நிறுவனம் அமெரிக்க நிறுவனத்திடம் வாங்கியது, அது செய்யப்பட்டதோ சீனாவில் ஒரு தொழிற்சாலையில். அதே தொகுதியில் குறையுள்ளவை இன்னும் இருந்தன. கை மாறி வரும் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் "சரி" என்று முத்திரை குத்தியிருப்பார். முந்தைய முத்திரையை நம்பாமல் தானே பிரித்துப் பார்ப்பதற்கென்று ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நாம் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013-இல் ஆயுதப் படையின் பாதுகாப்பை ஆராய வெளி வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் நியூசிலாந்துப் பயிற்சியில் பீரங்கி வண்டிக்குள் நேர்ந்த மரணத்துக்குப் பின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வந்தது. அது தற்காப்புப் படைத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. இவை நல்ல முயற்சிகள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவை பார்ப்பது பயிற்சியில் பாதுகாப்பை. ஒரு புதிய கருவி, அது எதற்காக வாங்கப்பட்டதோ அதைச் செய்கிறதா என்ற கேள்வி இவற்றின் வேலைக்கு வெளியே நிற்கிறது.

அமெரிக்கா இந்தக் கேள்விக்கு 1983-இல் சட்டத்தால் பதில் சொன்னது. களச் சோதனைக்கென்று தனி இயக்குநர் அலுவலகம். இயக்குநரை அதிபர் நியமிக்க, செனட் சபை உறுதிசெய்யும். அவர் தற்காப்பு அமைச்சருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நேரடியாக அறிக்கை கொடுப்பார். ராணுவம் அப்போது இதை விரும்பவில்லை. இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். நாம் எஃப்-35 போர் விமானங்கள் இருபது வாங்குகிறோம். அந்த விமானத்தில் எது தேறியது, எது தேறவில்லை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளால்தான். 2018 டிசம்பரில் தொடங்கிய அதன் இறுதிக் களச் சோதனை 2023-இல்தான் முடிந்தது. அதன் பிறகே 2024 மார்ச்சில் முழு அளவு உற்பத்திக்கு ஒப்புதல் கிடைத்தது. அவர்கள் வரிப்பணத்தில் நடந்த சோதனையின் பயன் நமக்கும் கிடைத்தது.

இப்போது அந்த அலுவலகத்தையே சுருக்கிவிட்டார்கள். 2025 மே மாதக் கடைசியில் அதன் பணியாளர்களைப் பாதிக்கும் கீழே, 30 சிவில் ஊழியர்களும் 15 ராணுவத்தினரும் என்ற அளவுக்குக் குறைக்க உத்தரவு வந்தது. அங்கே அது நல்லதா கெட்டதா என்பதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். நமக்கு இதில் கிடைக்கும் செய்தி ஒன்றே. இதுவரை அடுத்தவர் செய்த சோதனையை நம்பி வாங்கிய பொருள்களை இனி நாமே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

நம்மால் முடியாதா என்ன? இந்த ஊரில் வீட்டு வைஃபை ரூட்டருக்குக்கூட இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 முதல் தர முத்திரை கொடுக்கிறது. அதில் மூன்றாம், நான்காம் நிலை முத்திரை வேண்டுமானால் வெளி ஆய்வுக்கூடம் சோதித்தாக வேண்டும், தயாரிப்பாளரின் வாக்குமூலம் போதாது. செயற்கை நுண்ணறிவைச் சோதிக்க 2022-இல் ஏஐ வெரிஃபை என்ற கருவியை உருவாக்கி உலகத்துக்கே கொடுத்திருக்கிறோம். தற்காப்பு அமைச்சே 2018-இல் வெளி நாட்டவர் உட்பட 264 ஹேக்கர்களை அழைத்து, "எங்கள் இணையத்தளங்களில் ஓட்டை கண்டுபிடியுங்கள்" என்றது. அவர்கள் 35 குறைகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கொடுத்த பரிசு மொத்தம் 14,750 அமெரிக்க டாலர். இந்தச் செய்தியை அன்று படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! ரகசியம் காக்கும் ஓர் அமைச்சு, வெளியாள் வந்து குறை சொன்னால் கெட்டுப்போய்விட மாட்டோம் என்று நம்பியது. அந்த நம்பிக்கையை இணையத்தளத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் வரப்போவது செயற்கை நுண்ணறிவு. 2021-இல் தற்காப்பு அமைச்சு, தான் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு பொறுப்புள்ளதாக, பாதுகாப்பானதாக, நம்பகமானதாக, உறுதியானதாக இருக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. ராணுவத்தில் அதைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றி 2024 செப்டம்பரில் தென்கொரியாவின் சோலில் நடந்த உச்சநிலைக் கூட்டத்தை இணைந்து நடத்திய நாடுகளில் நாமும் ஒன்று. மிக நல்லது. ஆனால் அந்த நான்கு சொற்களில் ஒவ்வொன்றும் ஒரு சோதனை கேட்கிறது. நம்பகமானது என்று யார், எதை வைத்து, எத்தனை முறை பார்த்துவிட்டுச் சொன்னார்கள்?

இதில் பழைய வழியில் ஒரு முறை சோதித்து முத்திரை குத்துவது போதாது. இலக்கை அடையாளம் காணும் மென்பொருளை மறுபடி பயிற்றுவித்தால் அது புதிய மென்பொருள். நேற்றுத் தேறியது இன்று தேறும் என்று சொல்ல முடியாது. பாலைவனப் படங்களில் பழகியது, தெக்கோங் காட்டில் மாலை நாலு மணி மழையில் என்ன பார்க்கும்? நம் கடற்படையின் ஆளில்லா ரோந்துப் படகுகள் போகும் சிங்கப்பூர் நீரிணை, உலகிலேயே நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்று. பெரிய டேங்கர்களுக்கு நடுவே விளக்கில்லாத சின்ன மரப்படகும் வரும். உக்ரேனில் ஜிபிஎஸ் வழிகாட்டும் விலையுயர்ந்த எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டுகள் ரஷ்யர்களின் மின்னணு இடையூறால் துல்லியத்தை இழந்தன. அவ்வளவு பலமான தொந்தரவை அவை தாங்கவில்லை. தொந்தரவு செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு குழு வேண்டும் என்கிறேன். அந்தக் குழு கருவியைத் தோற்கடித்தால் அதற்குப் பாராட்டும் கிடைக்க வேண்டும்.

அப்புறம், நம் நாட்டுக்கே உரிய ஒரு சோதனை இருக்கிறது. அதை வேறு எந்த நாடும் நமக்காகச் செய்து கொடுக்காது. நம் படையின் பெரும்பகுதி போர்க்காலப் படைவீரர்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள்தான் அவர்களை அழைக்கலாம். மிச்ச நாளெல்லாம் அவர் ராஃபிள்ஸ் பிளேசில் கணக்குப் பார்ப்பார், இல்லையென்றால் கிராப் ஓட்டுவார், இல்லையென்றால் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிப்பார். முகாமுக்கு வந்த முதல் நாள், கடந்த ஆண்டுக்குப் பிறகு மென்பொருள் இரண்டு முறை மாறிய ஒரு திரையின் முன்னால் அவர் உட்காருவார். அவரால் இரவில், தூக்கமில்லாமல், இரண்டே நாளில் அதை இயக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான களச் சோதனை. நன்றாகப் பயிற்சி பெற்ற நிரந்தரப் படையினரை வைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர் பக்கத்தில் நிற்க, விருந்தினர் முன்னிலையில் காட்டுவது சோதனை ஆகாது. அது கண்காட்சி.

மறுப்புகள் வரும் என்று தெரியும். முதலில் ரகசியம். குறைகளை வெளியே சொன்னால் எதிரிக்குத் தெரிந்துவிடுமே என்பார்கள். நான் வெளியே சொல்லக் கேட்கவில்லை. முழு அறிக்கை அமைச்சருக்கும், ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்த சில நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட குழுவுக்கும் ஒரே நாளில் போகட்டும். அந்தக் குழுவில் எதிர்க்கட்சியினரும் இருக்கட்டும். பொதுமக்களுக்கு எத்தனை கருவிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை தேறின, எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன என்ற எண்ணிக்கை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும். கருவிகளின் பெயர்கூட வேண்டாம். தலைமைக் கணக்காய்வாளர் அமைச்சுகளின் கணக்கைப் பார்த்து அறிக்கை தருகிறார், நாடு அதனால் பலவீனமாகிவிடவில்லையே. குறையை மறைத்து வைத்தால் அது எதிரிக்குத் தெரியாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. மார்க் 14 வெடிக்காமல் மோதியபோது அந்த ஜப்பானியக் கப்பலில் இருந்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

வேகம் குறையும் என்பது அடுத்தது. உக்ரேனில் டிரோன்கள் வாரத்துக்கு ஒரு முறை மாறுகின்றன, நாம் ஆண்டுக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தால் பின்தங்கிவிடுவோம் என்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். உக்ரேன் வேகமாகப் போக முடிவது, அங்கே ஒவ்வொரு நாளும் போர்முனையே சோதிப்பதால். தோற்ற கருவி அன்று மாலையே தோற்றது என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை உயிர்கள். நாம் அமைதியில் இருக்கிறோம், அப்படியே இருக்க வேண்டும். அப்படியானால் போர்முனை சொல்வதை நமக்குச் சொல்ல வேறொருவர் வேண்டும். அந்த ஒருவர் கடைசியில் வந்து கதவை மூடுகிறவராக இருந்தால் வேகம் குறையும்தான். வடிவமைப்பின் முதல் மாதத்திலிருந்தே கூடவே இருந்து, சின்னச் சின்னதாகச் சோதித்துக்கொண்டே வந்தால் குறைகள் விலை குறைவாக இருக்கும்போதே தெரிந்துவிடும். எங்கள் தொழிற்சாலையில் மூலப்பொருள் வாசலுக்கு வரும்போது பிடித்த குறைக்கு ஆகும் செலவையும், கருவி மருத்துவமனைக்குப் போனபின் பிடித்த குறைக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் யாரும் சோதனையால் நேரம் வீணாகிறது என்று சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு சின்ன ஊரில் ஆள் எங்கே இருக்கிறது என்பது கடைசி மறுப்பு. எனக்கு இதுதான் மிக எளிது. ஆள்கள் ஏற்கெனவே சீருடையில் இருக்கிறார்கள். நம் போர்க்காலப் படைவீரர்களில் வங்கி மென்பொருளைச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள், விமான எஞ்சின் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ரயில் சமிக்ஞைப் பொறியாளர்கள், புள்ளியியலாளர்கள், மருத்துவமனைப் பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். வெளி வாழ்வில் பெற்ற நிபுணத்துவத்துக்கு ஏற்பத் தேசிய சேவைப் பணியைக் கொடுக்கும் திட்டமும் உங்களிடம் இருக்கிறது. அவர்களிலிருந்து ஒரு சோதனைப் படையைத் திரட்டுங்கள். அவர்களுடைய சம்பளமும் பதவி உயர்வும் தற்காப்புத் தொழில்துறையை நம்பி இல்லை, அதனால் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். கருவியை நாளை பயன்படுத்தப் போவதும் அவர்கள்தான், அதனால் அக்கறையோடு சொல்வார்கள். பல்கலைக்கழகங்களும், உள்துறையின் அறிவியல் தொழில்நுட்ப அமைப்பான எச்டிஎக்ஸும் துணைக்கு இருக்கின்றன. இடம் போதாது என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் நியூசிலாந்தின் வையூருவிலும் அமெரிக்காவின் ஐடஹோவிலும் நாம் ஏற்கெனவே பயிற்சிக்குப் போகிறோம். அதே பயணத்தில் சோதனைக் குழுவும் போகட்டும், பயிற்சி நடத்துபவரின் கட்டளைக்கு உட்படாமல்.

அந்த அமைப்பின் தலைவருக்குக் குறிப்பிட்ட பதவிக்காலம் வேண்டும். கசப்பான அறிக்கை கொடுத்தார் என்பதற்காக நடுவில் மாற்ற முடியாதபடி. பதவிக்காலம் முடிந்த கையோடு அவர் சோதித்த நிறுவனத்திலேயே போய்ச் சேரக் கூடாது. நம் ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் இதை எழுதியே வைக்க வேண்டும். ஒரு கருவி தேறாவிட்டாலும் அவசரத் தேவைக்காக அதை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அமைச்சரிடம் இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. அப்படி எடுத்தால், தேறவில்லை என்று தெரிந்தே எடுத்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டு நாடாளுமன்றக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்து ஒன்று இருந்தாலே பல விஷயங்கள் சரியாகிவிடும் என்பது என் தொழில் அனுபவம்.

டிஎஸ்டிஏவிலும் டிஎஸ்ஓவிலும் வேலை செய்யும் பொறியாளர்கள் இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் சிலர் எங்கள் தேக்காக் கடைத்தெருவிலும் கோயில் வரிசையிலும் நான் தினம் பார்ப்பவர்களின் பிள்ளைகள். உங்கள் நேர்மையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நல்ல பொறியாளர் தன் வேலையை இன்னொருவர் சோதிப்பதை விரும்புவார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குத் துணையாக இருக்கும் ஓர் ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன்.

நாடாளுமன்ற உறுப்பினர்களே, அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் தற்காப்பு அமைச்சின் செலவினம் எடுத்துக்கொள்ளப்படும் நாளில், உங்களில் ஒருவராவது எழுந்து இதைக் கேளுங்கள்: கடந்த ஆண்டில் படையில் சேர்க்கப்பட்ட புதிய கருவிகளில் எத்தனை, அவற்றை உருவாக்குவதிலும் வாங்குவதிலும் பங்கில்லாத ஒருவரால் களநிலையில் சோதிக்கப்பட்டன? அவற்றில் போர்க்காலப் படைவீரர்களைக் கொண்டு சோதிக்கப்பட்டவை எத்தனை? அந்த ஒருவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

அமைச்சர் அவர்களே, அப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் அவருடைய பதவியின் பெயரையும், அவர் யாரிடம் அறிக்கை கொடுக்கிறார் என்பதையும் மன்றத்தில் சொல்லுங்கள். இல்லை என்றால், எந்த ஆண்டுக்குள் நியமிப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
இரு மகன்களின் தாய்,
சுவா சூ காங்